கொள்ளிடக் கரையும் புஸ்தாத்தும்: 11ஆம் நூற்றாண்டின் இரு கொடை முறைகள்

கொள்ளிடம் ஆற்றுக்கு வடக்கே அமைந்த மேலப்பழுவூர், கீழப்பழுவூர், கோவிந்தபுத்தூர், காமரசவல்லி, கங்கைகொண்ட சோழபுரம், பெரம்பலூரை அடுத்த வாலிகண்டபுரம் ஆகிய ஊர்களின் சோழர்காலக் கல்வெட்டுகளில் பெரும்பகுதி கொடைச் செய்திகளே. இவற்றைப் பக்தியின் சான்றுகளாக மட்டும் படிப்பது வழக்கமாகிவிட்டது. யார் கொடுத்தார் என்பதோடு யார் பொறுப்பேற்றார், எவ்வளவு அளக்க வேண்டும், தவறினால் கேட்பவர் யார் என்பனவற்றையும் வரையறுப்பதால், அவற்றைப் பொறுப்பு ஆவணங்கள் என்று கொள்வதே பொருந்தும். ஏறத்தாழ அதே காலத்தில் எகிப்தின் பழைய கெய்ரோவான புஸ்தாத்தில் வாழ்ந்த யூதர்களும் தங்கள் அறக்கொடைக்குக் கணக்கெழுதி வந்தனர். அவ்வேடுகள், பயனற்ற தாள்களையும் அழிக்காமல் இட்டுவைக்கும் தொழுகைக்கூட அறையான கெனிசாவில் தங்கிவிட்டன.

இவ்விரு உலகங்களும் ஒன்றையொன்று அறியாதவை அல்ல. கி.பி. 849ஆம் ஆண்டைச் சேர்ந்த கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேடு, ஒரு கிறித்தவப் பள்ளிக்கு அளிக்கப்பட்ட கொடையைக் காக்கும் பொறுப்பை அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்னும் வணிகக் குழுக்களிடம் ஒப்படைக்கிறது. அதன் சாட்சிக் கையொப்பங்களில் எபிரேய எழுத்தில் அமைந்தவையும் உண்டு. பின்னர், 12ஆம் நூற்றாண்டில் மங்களூரில் பல்லாண்டு தங்கி வணிகம் செய்த ஆபிரகாம் பென் யிஜூ என்னும் யூதரின் கடிதங்கள் அதே கெனிசாவில்தான் கிடைத்தன.

பழுவூர்ப் பகுதிக் கோயில்களில் அடிக்கடி காணப்படும் கொடை நந்தாவிளக்கு, அதாவது இரவும் பகலும் அணையாமல் எரியும் விளக்கு ஆகும். ஒரு விளக்குக்குப் பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடுகள் விடப்பட்டன. அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்கக் கடமைப்பட்டனர். ஆடு மூத்தாலும் இறந்தாலும் ஈன்ற குட்டிகள் அதன் இடத்தை நிரப்புவதால், கணக்கில் எண்ணிக்கை குறைவதே இல்லை என்ற பொருளில் இவை சாவா மூவாப் பேராடு எனப்பட்டன. கொடையாளர் கொடுத்தது நெய்யன்று, நெய் தரும் முதல். அம்முதல் மேய்ப்பவர் குடும்பத்துக்கும் பிழைப்பாயிற்று என்பதைக் கவனித்தல் வேண்டும். ஏனெனில் புஸ்தாத்தில் வாழ்ந்த சட்ட அறிஞரும் மருத்துவருமான மைமோனிடஸ் (1138–1204), செதாக்கா எனப்படும் கொடைக்கடமையை எட்டுப் படிகளாக வகுத்தபோது, கடனோ கூட்டுத்தொழிலோ வேலையோ கொடுத்து ஒருவரை மீண்டும் கையேந்தாத நிலையில் நிறுத்துவதையே தலையாய படியாக வைத்தார்.

முதற்பொருளை வளர்க்கும் வழியில் இரு கொடை முறைகளும் பிரிந்தன. சோழநாட்டில் பொன்னையும் காசையும் ஊர்ச்சபைகளிடம் வட்டிக்குக் கொடுத்து, அவ்வட்டியில் அறத்தை நடத்தினர். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது நூற்றுக்கு 12.5 என்ற வீதம் காணப்படுகிறது. யூதச் சட்டமோ யூதர் யூதரிடம் வட்டி வாங்குவதைத் தடுத்தது; ஆகவே புஸ்தாத்தில் அறத்துக்கு எழுதிவைக்கப்பட்ட வீடுகளின் வாடகை இயல்பான வருவாயாக அமைந்தது. வாரந்தோறும் ஊர்ப்பொதுவில் திரட்டப்பட்ட கூப்பா என்னும் நிதியை இருவருக்குக் குறையாமல் வசூலிக்க வேண்டும், மூவர் சேர்ந்தே பகிர வேண்டும் என்பது அவர்கள் விதி. ஒருவர் கையில் பொதுப்பணம் தங்கலாகாது என்ற இந்த எச்சரிக்கை, கொடையைச் சிவனடியார் கூட்டம் முழுவதன் காவலில் வைத்துப் பன்மாகேசுவர இரட்சை என்று முடியும் சைவக் கல்வெட்டுகளிலும் வேறு வடிவில் காணப்படுகிறது.

கொடுத்தவரும் பெற்றவரும் ஒருவரையொருவர் அறியாத கொடையை மைமோனிடஸ் இரண்டாம் படியில் வைத்தார். கோவிந்தபுத்தூரிலோ, உத்தமசோழன் காலத்தில் கோயிலைக் கற்றளியாக எடுப்பித்த அதிகாரி அம்பலவன் பழுவூர்நக்கன், தன் ஊரும் பட்டமும் விளங்கக் கல்லில் நிற்கிறான். இதை வெறும் புகழாசை என்று ஒதுக்குவது சரியன்று. கொடையாளர் பெயரும் கொடையின் அளவும் பொறிக்கப்பட்டிருந்தால்தான் பிற்காலச் சபையைப் பொறுப்பில் நிறுத்த முடியும்.

ஆனால் உண்டவர் யார் என்று கேட்கும்போது வேறுபாடு பெரிதாகிறது. அறுவடையில் வயலின் ஓரத்தையும் உதிர்ந்த கதிர்களையும் வறியவருக்கும் அயலாருக்கும் விட்டுவிட வேண்டும் என்று யூத மறைநூல் விதித்தது; புஸ்தாத்தில் ரொட்டி பெற்றோர் பட்டியல்களில் கைம்பெண்களும் அனாதைகளும் பார்வையற்றோரும் ஊர்விட்டு வந்தோரும் எழுதப்பட்டனர். கொள்ளிடக் கரைக் கல்வெட்டுகளில் விளக்கும் வழிபாடும் திருவிழாவும் பணிசெய்வோரின் காணியும் நிறைந்துள்ளன. காமரசவல்லிச் சபை முதலாம் இராசேந்திரன் காலத்தில் சாக்கைக் கூத்தாடியவருக்கு நிலம் கொடுத்தது; ஏழை எனத் தனியே குறிக்கப்பட்டவர் அரிது. கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து ஆண்ட வீரராசேந்திரன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு 15 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையைக் கூறினாலும், அதுவும் அங்கிருந்த மாணவர்க்கும் கோயில் பணியாளர்க்கும் உரியதாகவே இருந்தது. சோழர் கொடை பலருக்குப் பிழைப்பளித்தது என்பது உண்மை. வறுமையையே ஓர் உரிமையாகக் கணக்கில் ஏற்றியது என்று சொல்ல இக்கற்கள் இடந்தரவில்லை.

இவ்விரு பதிவுகளுக்கும் பின்னாளில் நேர்ந்ததும் வேறு வேறு. கெனிசாவின் ஏடுகளில் பெரும்பகுதி 1897இல் கேம்பிரிட்ச் பல்கலைக்கழகத்தைச் சென்றடைந்தது. கங்கைகொண்ட சோழபுரக் கோயிலின் திருச்சுற்று மதிற்கற்கள் 1836இல் கொள்ளிடத்தின் கீழணை கட்டுவதற்காகப் பெயர்த்துக் கொண்டுசெல்லப்பட்டன.