நாள் தள்ளிப்போதல்: கருவறி சோதனையின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

ராமச்சந்திராபுரத்தில், பெல் நகரியத்தை ஒட்டிய மருந்துக்கடை ஒன்றில் சென்ற வாரம் செவியுற்ற உரையாடலே இப்பதிவுக்குக் காரணம். கல்லூரி மாணவி எனத் தோன்றிய இளம்பெண் ஒருவர், 'டேட்' வரவழைக்கும் மாத்திரை வேண்டும் என்றார். கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, "நெல தப்பிந்தா?" என வினவினார். அப்பெண் மறுமொழி கூறவில்லை. மாத்திரையைப் பெற்றுக்கொண்டு விரைந்து சென்றுவிட்டார்.

மொழியியல் மாணவன் என்ற முறையில் அவ்வினா என்னை விட்டு அகலவில்லை. தெலுங்கில் 'நெல' என்பது மாதம், நிலவும் அதுவே. மாதம் தவறியது என்பதே கருவுற்றதைக் குறிக்கும் வழக்கு. தமிழில் 'நாள் தள்ளிப்போயிருக்கிறது' என்போம். 'முழுகாமல் இருக்கிறாள்' என்போம். பின்னது, விலக்கு முடிந்து தலைமுழுகும் வழக்கத்திலிருந்து பிறந்த தொடர். இரு மொழிகளும் கருவின் இருப்பை ஓர் இன்மையைக் கொண்டே சுட்டுகின்றன: வரவேண்டியது வரவில்லை. ஆயின், இன்மை உறுதியான சான்று அன்று. மன அழுத்தம், உடல் எடை மாற்றம், தைராய்டு கோளாறு, சினைப்பைக் கட்டிகள் ஆகியனவும் நாளைத் தள்ளிப்போடும். இன்மையிலிருந்து இருப்பை அறியும் முயற்சியே கருவறி சோதனையின் வரலாறு.

பண்டைய எகிப்தியப் பாப்பிரசு ஏடுகளில், பெண்ணின் சிறுநீரைக் கோதுமையிலும் வாற்கோதுமையிலும் ஊற்றி முளைக்கின்றனவா எனப் பார்க்கும் முறை காணப்படுகிறது. அறிவியல் அடிப்படையிலான சோதனை 1920களின் இறுதியில் பெர்லினில் தோன்றியது. செல்மார் ஆஷ்ஹைம், பெர்ன்ஹார்ட் சோண்டெக் ஆகிய இருவரும் பெண்ணின் சிறுநீரைப் பருவமடையாத சுண்டெலிகளுக்குள் செலுத்தி, அவற்றின் சினைப்பை மாற்றங்களை ஆராய்ந்தனர். பின்னர் அமெரிக்காவில் மாரிஸ் ஃப்ரீட்மன் முயலைப் பயன்படுத்தினார். விடை எதுவாயினும் முயல் அறுக்கப்பட்டது. லான்சலாட் ஹாக்பனின் ஆய்வுவழி வந்த ஆப்பிரிக்கத் தவளைச் சோதனையில் தவளை உயிர் பிழைத்தது. கருவுற்ற பெண்ணின் சிறுநீர் செலுத்தப்பட்டால் ஒரு நாளுக்குள் முட்டையிட்டது.

விலங்கின் இடத்தில் பெண்ணின் உடலே நிறுத்தப்பட்டது அடுத்த கட்டம். 1950களிலிருந்து மிகை அளவு ஈஸ்ட்ரோஜன்-புரோஜெஸ்டிரோன் மாத்திரைகள் கருவறி சோதனையாக விற்கப்பட்டன. மாத்திரையை உட்கொண்ட சில நாட்களில் குருதிப்போக்கு ஏற்பட்டால் கரு இல்லை. ஏற்படாவிட்டால் கரு உண்டு. இம்முறையின் உள்முரண் கவனிக்கத்தக்கது. 'ஆம்' என்ற விடை கிடைக்கும் ஒவ்வொரு முறையும், உருவாகிக்கொண்டிருக்கும் கரு அம்மருந்துக்கு ஏற்கெனவே ஆட்பட்டிருக்கும். 1967இல் இங்கிலாந்து மருத்துவர் இசபெல் கால், இச்சோதனைக்கும் பிறவிக் குறைபாடுகளுக்கும் தொடர்பு இருக்கலாம் என எச்சரித்தார். பிரிமோடாஸ் என்னும் அம்மாத்திரை 1978இல்தான் அங்குச் சந்தையிலிருந்து விலகியது. காரண காரியத் தொடர்பு குறித்த விவாதம் இன்றும் முடியவில்லை. எனினும் 1967இலேயே அதனை விலக்கியிருக்க வேண்டும் என 2020இல் வெளியான கம்பர்லெஜ் ஆய்வறிக்கை கூறிற்று.

இந்தியாவில் இக்கதை மேலும் நீண்டது. இங்கு அம்மருந்துகள் சோதனைக்காக மட்டுமன்றி, கருவைக் கலைத்துவிடும் என்ற தவறான நம்பிக்கையிலும் உட்கொள்ளப்பட்டன. 1982இல் நடுவண் அரசு தடை விதித்தது. உற்பத்தியாளர்கள் உயர் நீதிமன்றங்களை அணுகி அத்தடையை நிறுத்திவைத்தனர். பெண்கள் அமைப்புகளும் மருத்துவர் குழுக்களும் தொடர்ந்து போராடின. உச்ச நீதிமன்றத்தின் தலையீட்டால் பெருநகரங்களில் பொது விசாரணைகள் நடைபெற்றன. சென்னையும் அவற்றுள் ஒன்று. இறுதியாக 1988 ஜூனில் தடை நடைமுறைக்கு வந்தது.

இத்தனைக்கும், பெண்ணின் உடலுக்குள் எதையும் செலுத்தாத சோதனை அதற்குப் பல்லாண்டுகள் முன்பே உருவாகிவிட்டது. 1960இல் சுவீடனைச் சேர்ந்த வீடே, கெம்செல் ஆகியோர் நோயெதிர்ப்புப் பொருள் வழியான சோதனையை வெளியிட்டனர். 1967இல் மார்கரெட் கிரேன் என்னும் வடிவமைப்பாளர் வீட்டிலேயே செய்துகொள்ளும் கருவிக்கு முன்மாதிரி அமைத்தார். 1972இல் ஜூடித் வைட்டுகைட்டிஸ் குழுவினர் எச்.சி.ஜி. இயக்குநீரைத் துல்லியமாக அளக்கும் முறையைக் கண்டனர். இன்று அப்பட்டை எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கிறது. 'நிஷ்சய்' என்னும் பெயரில் ஆஷா பணியாளர்கள் வழியாகவும் வழங்கப்படுகிறது. 'நிச்சயம்' என்னும் அச்சொல், இன்மை தந்த ஐயத்துக்கு விடையாக அமைந்தது பொருத்தமே.

எப்போது சோதிப்பது? கரு கருப்பையில் பதிந்த பின்னரே எச்.சி.ஜி. சுரக்கும், பதிவதற்குக் கருமுட்டை வெளிப்பட்டதிலிருந்து ஏறத்தாழ 6 முதல் 12 நாட்கள் ஆகும். ஆகவே உறவு கொண்ட மறுநாள் சோதிப்பதால் பயனில்லை. நாள் தள்ளிய முதல் நாளிலிருந்து சோதிக்கலாம். மாதவிலக்கு ஒழுங்கற்றவர்கள், பாதுகாப்பற்ற உறவிலிருந்து 21 நாட்கள் கழித்துச் சோதிப்பது நம்பத்தக்கது. காலையின் முதல் சிறுநீர் சிறந்தது. 'இல்லை' என வந்தும் விலக்கு வராவிட்டால் ஒரு வாரத்தில் மீண்டும் சோதிக்க வேண்டும். 'உண்டு' என வந்து, அடிவயிற்றில் ஒரு பக்கம் கடும் வலியோ மயக்கமோ குருதிப்போக்கோ இருப்பின், கரு கருப்பைக்கு வெளியே தங்கியிருக்கக்கூடும்; உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். விரைந்து அறிவது சட்டத்தின் பார்வையிலும் இன்றியமையாதது. 1971ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டம் கால வரம்புகளை உடையது. 2021ஆம் ஆண்டுத் திருத்தம் மணமாகாதவரையும் கருத்தில் கொண்டுள்ளது. வயதுவந்த பெண்ணுக்குத் தம் இசைவு ஒன்றே போதும்.

அன்று அப்பெண் கேட்டது மாத்திரை. அவருக்குத் தேவைப்பட்டது விடை. 1988இல் ஒரு மருந்து தடைசெய்யப்பட்டது. மாத்திரை விழுங்கினால் ஐயம் தீரும் என்ற எண்ணம் தடைபடவில்லை. அப்பட்டையும் அதே கடையில், அதே அலமாரியில்தான் இருந்தது. கடைக்காரரோ, வரிசையில் பின்னால் நின்ற நானோ அதனைச் சுட்டிக்காட்டவில்லை. இப்பதிவு அந்த மௌனத்துக்கான பிராயச்சித்தம். வகுப்பறையில் இதனைப் பேசும் இடத்தில் இருப்பவர்கள் பேச வேண்டும் என வேண்டுகிறேன்.