சிங்கப்பூரில் இடைத்தங்கல் நகர்ச்சுற்று: ஒரு வரலாற்றுப் பார்வை

நெடுந்தூர விமானப் பயணத்தில் ஒரு விமானத்திலிருந்து இறங்கி அடுத்த விமானத்தில் ஏறுவதற்குள் பல மணி நேரம் காத்திருக்க நேர்வதுண்டு. இந்த இடைவெளியே இடைத்தங்கல் எனப்படுகிறது. சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இவ்வாறு காத்திருக்கும் பயணிகளைப் பேருந்தில் ஏற்றி, வழிகாட்டி ஒருவரின் துணையுடன் நகரைச் சுற்றிக் காட்டி, மீண்டும் விமான நிலையத்திலேயே கொண்டுவந்து விடும் ஏற்பாடு உள்ளது. இதற்குக் கட்டணம் கிடையாது.

இது விமானக் காலத்தின் புதுமை போலத் தோன்றலாம். ஆனால் சிங்கப்பூர் என்னும் நகரமே வழிப்போக்கர்களின் காத்திருப்பால் வளர்ந்தது. அவ்வாறு காத்திருந்தவர்களுள் யார் வெளியே சென்று ஊரைப் பார்க்கலாம், யார் பார்க்க முடியாது என்ற வேறுபாடும் தொடக்கத்திலிருந்தே இருந்து வந்துள்ளது.

காற்றுக்குக் காத்திருந்த துறைமுகம்

1819ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் நாள் ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ் மலாய் ஆட்சியாளர்களுடன் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி சிங்கப்பூரில் வணிக நிலையம் அமைத்தது. சுங்க வரி இல்லாத துறைமுகம் என்பதால் வணிகர்கள் திரண்டு வந்தனர். அக்காலத்தில் பயணத்தின் நாளைக் காற்றே முடிவு செய்தது. சீனப் பாய்மரக் கப்பல்கள் வடகிழக்குப் பருவக்காற்றில் வந்து, தென்மேற்குப் பருவக்காற்றில் ஊர் திரும்பின. இந்தியாவிலிருந்து வந்த கப்பல்களுக்கு இது நேர்மாறாக அமைந்தது. ஆகவே வந்தவர்கள் காற்று திரும்பும் வரை மாதக்கணக்கில் தங்க வேண்டியிருந்தது. அவர்களுக்குத் தங்குமிடமும் உணவும் கிடங்கும் வழிபாட்டிடமும் தேவைப்பட்டன. நகரின் பழைய பகுதிகள் இத்தேவைகளை ஒட்டியே உருவாயின.

1819ஆம் ஆண்டிலேயே பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை, 1827இல் மாரியம்மன் கோயிலை நிறுவினார். மரமும் கூரையுமாகத் தொடங்கிய அக்கோயில், சிங்கப்பூரின் மிகப் பழமையான இந்துக் கோயிலாக இன்றும் சைனாடவுன் பகுதியில் உள்ளது.

நிலக்கரி ஏறும் நேரம்

நீராவிக் கப்பல்கள் வந்தபின் காத்திருப்பின் அளவு மாறியது. 1845இல் பி அண்ட் ஓ நிறுவனத்தின் அஞ்சல் கப்பல்கள் சிங்கப்பூருக்கு வரத் தொடங்கின. 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் ஐரோப்பாவுக்கும் கிழக்காசியாவுக்கும் இடையே போக்குவரத்து பெருகியது. கப்பல்கள் தஞ்சோங் பகார் துறையில் நின்று நிலக்கரி ஏற்றிக்கொண்டன. தொழிலாளர்கள் கூடைகளில் கரியைச் சுமந்து சென்று கப்பலில் கொட்டினர். கப்பல் முழுவதும் கரித்தூள் படியும் அந்நேரத்தில் வசதி படைத்த பயணிகள் கரையிறங்கி, குதிரை வண்டியில் ஊரைச் சுற்றினர். 1880 முதல் ரிக்‌ஷாவும் கிடைத்தது. 1859இல் தொடங்கப்பட்ட தாவரவியல் பூங்காவும், 1887இல் திறக்கப்பட்ட ராஃபிள்ஸ் ஹோட்டலும் பயணிகள் விரும்பிச் சென்ற இடங்கள். இன்றைய இடைத்தங்கல் சுற்றின் முன்னோடி என இதைக் கூறலாம். பயணி ஊர் பார்த்த அதே நேரத்தில், கரி சுமந்தவரும் ரிக்‌ஷா இழுத்தவரும் அவருடைய பயணத்துக்காக உழைத்துக்கொண்டிருந்தனர்.

கரையிறங்க முடியாதவர்கள்

கப்பலின் மேல்தளத்தில் குறைந்த கட்டணத்தில் வந்த ஏழைப் பயணிகளின் நிலை வேறு. 1873இல் சிங்கப்பூரில் காலரா பரவியதைத் தொடர்ந்து, 1874இல் செயின்ட் ஜான்ஸ் தீவில் தொற்றுத் தடுப்பு நிலையம் அமைக்கப்பட்டது. சீனாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் தொழிலாளர்களாக வந்தோர் பலர் அத்தீவில் தடுத்து வைக்கப்பட்டு, உடல்நிலை சோதிக்கப்பட்ட பின்னரே நகருக்குள் விடப்பட்டனர். கடலுக்கு அப்பால் நகரம் தெரிந்தது. ஆனால் அங்குச் செல்ல அனுமதி இல்லை.

அதற்கும் முன்பே, தங்கள் விருப்பம் கேட்கப்படாமல் கொண்டுவரப்பட்டவர்களும் உண்டு. 1825 முதல் இந்தியக் கைதிகள் சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டனர். சாலைகள் போடுவதிலும் சதுப்பு நிலங்களைத் தூர்ப்பதிலும் அரசுக் கட்டடங்கள் எழுப்புவதிலும் அவர்களுடைய உழைப்பு பயன்படுத்தப்பட்டது. 1862இல் அர்ப்பணம் செய்யப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயம் அவர்கள் கட்டியதே. அதன் சுவர்களுக்கு முட்டையின் வெண்கரு, சர்க்கரை, சுண்ணாம்பு ஆகியவற்றைக் குழைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் சேர்த்துச் செய்த ‘மதராஸ் சுண்ணாம்பு’ச் சாந்து பூசப்பட்டது. வெள்ளை வெளேரென்று நிற்கும் அக்கட்டடத்தில் சென்னைப் பகுதியின் கொத்து வேலை முறை இவ்வாறு இடம்பெற்றுள்ளது.

புனிதப் பயணிகளின் தெரு

கம்போங் கிளாம் பகுதியில் சுல்தான் பள்ளிவாசலுக்கு எதிரே உள்ள பஸ்ஸோரா தெரு, மெக்காவுக்குச் செல்வோர் தங்கிய இடமாகும். ஜாவா முதலிய தீவுகளிலிருந்து வந்தவர்கள் கப்பலுக்காக இங்குக் காத்திருந்தனர். பணம் போதாதவர்கள் சிங்கப்பூரில் வேலை செய்து பயணச் செலவைச் சேர்த்தனர். கடைசிவரை பணம் சேராமல் இங்கிருந்தே ஊர் திரும்பியவர்களை ‘ஹாஜி சிங்கப்பூரா’ என்று அழைத்தனர். இடைத்தங்கல் ஊரே சிலருக்குப் பயணத்தின் முடிவாகிவிட்டதை இப்பெயர் உணர்த்துகிறது.

இன்றைய பள்ளிவாசல் கட்டப்பட்டபோது ஏழைகள் கண்ணாடிப் புட்டிகளைக் கொடையாக அளித்தனர். குவிமாடத்தின் அடியில் அப்புட்டிகளின் அடிப்பாகங்கள் வரிசையாகப் பதிக்கப்பட்டிருப்பதை இன்றும் காணலாம்.

விமான நிலையங்களும் சாங்கியும்

சிலேத்தாரில் 1930இலும் காலாங்கில் 1937இலும் பாய லேபாரில் 1955இலும் விமானப் போக்குவரத்து தொடங்கியது. 1947இல் சிட்னிக்கும் லண்டனுக்கும் இடையே குவான்டாஸ் நிறுவனம் தொடங்கிய சேவையில், பயணிகள் சிங்கப்பூரில் ஓர் இரவு தங்கிச் சென்றனர். இன்றைய சாங்கி விமான நிலையம் 1981இல் செயல்படத் தொடங்கியது. அதன் நிலத்தின் பெரும்பகுதி கடலைத் தூர்த்துப் பெறப்பட்டது.

சாங்கி என்ற பெயருக்கு மற்றொரு வரலாறும் உண்டு. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. அதன்பின் நேச நாடுகளின் போர்க்கைதிகள் ஆயிரக்கணக்கில் சாங்கியில் அடைக்கப்பட்டனர். 1943, 1944ஆம் ஆண்டுகளில் அக்கைதிகளைக் கொண்டே ஜப்பானியர் அங்கு விமான ஓடுதளம் அமைத்தனர். போருக்குப் பின் ஆங்கிலேய விமானப் படை அதனைப் பயன்படுத்தியது. பின்னர் அப்பகுதியிலேயே பன்னாட்டு விமான நிலையம் எழுந்தது. விடுதலை எப்போது வரும் என்று தெரியாமல் மூன்றரை ஆண்டுகள் காத்திருந்தவர்களின் சாங்கியில்தான், இன்றைய பயணி சில மணி நேரம் காத்திருக்கிறார்.

இன்றைய சுற்று

இலவசச் சுற்றுலாவைச் சாங்கி விமான நிலையக் குழுமம், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், சிங்கப்பூர்ச் சுற்றுலாக் கழகம் ஆகியவை இணைந்து நடத்துகின்றன. கொரோனாக் காலத்தில் நின்றிருந்த இச்சுற்று 2023இல் மீண்டும் தொடங்கியது. ஐந்தரை மணி நேரத்துக்குக் குறையாமலும் 24 மணி நேரத்துக்கு உட்பட்டும் இடைவெளி உள்ளவர்கள் இதில் சேரலாம். சுற்று ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் நீடிக்கும். 1972இல் திறக்கப்பட்ட மெர்லயன் சிலை, மரினா பே, சைனாடவுன், லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம் போன்ற இடங்கள் வழித்தடங்களில் இடம்பெற்றுள்ளன. இஸ்தான்புல், இன்சியோன், தைபே நகரங்களின் விமான நிலையங்களிலும் இத்தகைய சுற்றுகள் உள்ளன.

நகருக்குள் செல்ல, குடிநுழைவுச் சோதனையைக் கடக்க வேண்டும். சில நாட்டவருக்கு விசா தேவையில்லை. இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் பொதுவாக விசா பெற்றிருக்க வேண்டும். குறிப்பிட்ட நிபந்தனைகளை நிறைவு செய்வோர்க்கு 96 மணி நேர விலக்கு உண்டு. ஒரே வாயிலில் காத்திருக்கும் இருவரில் ஒருவர் லிட்டில் இந்தியாவைப் பார்த்துவிட்டு வர, மற்றவர் நாற்காலியிலேயே உறங்க நேரலாம். கப்பல் காலத்தில் பயணச்சீட்டின் வகுப்பு உண்டாக்கிய வேறுபாட்டை இன்று கடவுச்சீட்டு உண்டாக்குகிறது.

காட்சிக்குப் பின்னால்

இரண்டரை மணி நேரத்தில் ஒரு நகரை முழுமையாக அறிய இயலாது. பேருந்து நிற்கும் இடங்களில் படம் எடுப்பதற்கே நேரம் போய்விடும். எனினும் அந்த இடங்கள் யாரால் உருவாயின என்பதை அறிந்து சென்றால் சுற்றின் பொருள் மாறுகிறது. லிட்டில் இந்தியாவின் ஒரு பகுதிக்குக் கண்டாங் கெர்பாவ் என்று பெயர். மலாய் மொழியில் இதற்கு எருமைத் தொழுவம் என்று பொருள். மாடு வளர்த்தவர்களும் செங்கல் சூளையில் வேலை செய்தவர்களும் வாழ்ந்த இடம் அது. அவர்களுள் பலர் சில ஆண்டுகள் பொருள் ஈட்டிவிட்டு ஊர் திரும்பும் எண்ணத்துடன் வந்தவர்கள். திரும்பாமல் தங்கியவர்களின் வழித்தோன்றல்கள் இன்று அந்நாட்டின் குடிமக்கள். அவர்கள் பேசிய தமிழ் அந்நாட்டின் நான்கு ஆட்சிமொழிகளுள் ஒன்று. வழியில் தங்க வந்தவர்களே ஊரார் ஆன நகரம், இன்று வழியில் தங்குபவர்களை அழைத்துத் தன்னைக் காட்டுகிறது.