நாகையிலிருந்து மலாயா: நெற்கூலியும் காசுக்கூலியும்

காவிரிப் படுகையின் கிராமங்களிலிருந்து மலாயாவின் இரப்பர் தோட்டங்களுக்குத் தொழிலாளர்கள் கப்பலேறிய முக்கியத் துறைமுகங்களுள் ஒன்று நாகப்பட்டினம். கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்கும் கப்பலுக்குப் படகில் சென்று ஏறுவார்கள். 1926இல் கட்டப்பட்ட ‘ரஜுலா’ கப்பலை இப்பகுதி மக்கள் நெடுங்காலம் நினைவில் வைத்திருந்தனர்.

ஊரில் இருந்த நிலை

தஞ்சை வட்டாரத்தில் நிலமற்ற பண்ணையாட்கள் தலைமுறை தலைமுறையாக ஒரே மிராசுதாரிடம் வேலை செய்தனர். அவர்களுள் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட வகுப்பினர். கூலி நெல்லாகவே அளக்கப்பட்டது. வாங்கிய கடன் தீராததால் வேறு பண்ணைக்குப் போவதும் எளிதன்று.

தோட்டத்தில் கண்டது

மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிவுக்கு வந்தபின் கங்காணி முறை மேலோங்கியது. தோட்டத்துக் கங்காணி தன் ஊருக்கே வந்து ஆள் சேர்ப்பார். 1907ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்ட தமிழர் குடியேற்ற நிதி கப்பல் செலவை ஏற்றது. இந்த நிதிக்குப் பணம் செலுத்தியவர்கள் தோட்ட முதலாளிகள்.

அங்கே கூலி காசாகக் கிடைத்தது. முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு வேறு தோட்டத்துக்குப் போகலாம். ஊரில் இல்லாத உரிமை இது. ஆனால் மலேரியா, நெருக்கடியான லயன் வீடுகள், கூலியை விழுங்கிய கள்ளுக்கடை, கங்காணியின் அதிகாரம் ஆகியவையும் அங்கே இருந்தன. ஆகவே, ‘அங்கே நல்லதா, இங்கே நல்லதா’ என்ற கேள்விக்கு ஒற்றைப் பதில் இல்லை. காசு மிச்சம் பிடித்துத் திரும்பியவர் ஒன்று சொல்வார். நோயோடு திரும்பியவர் வேறொன்று சொல்வார்.

மந்தமும் தடையும்

1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தத்தில் இரப்பர் விலை வீழ்ந்தது. கூலி குறைக்கப்பட்டது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். தோட்டங்களின் நிலையை அறிய 1936 இறுதியில் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார் மலாயா சென்றார். ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்ற பழைய நாட்கூலியை மீட்டுத் தர வேண்டும் என்று பரிந்துரைத்தார். 1938இல் கூலி மீண்டும் குறைக்கப்பட்டபோது, உதவி பெற்றுச் செல்லும் தொழிலாளர் குடியேற்றத்தை இந்திய அரசு தடை செய்தது.

இத்தடை தோட்ட முதலாளிகளுக்கு எதிரான நடவடிக்கை. எனினும், பண்ணையை விட்டு வெளியேற விரும்பிய ஏழைக்கு இருந்த ஒரு வழியும் அதனால் அடைபட்டது. ஊரிலேயே அவருக்குப் பாதுகாப்பளிக்கும் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952இல்தான் வந்தது. இடைப்பட்ட 14 ஆண்டுகள் அவருக்கு அந்த வழியும் இல்லை, இந்தச் சட்டமும் இல்லை.