நீதிபதியின் கடிதமும் எங்கள் உறுதிகளும்

மொன்றியல் ஷெர்புரூக் வீதியில், மக்கில் பல்கலைக்கழகத்துக்கு எதிர்ப்பக்கமாக மக்கோர்ட் நூதனசாலை இருக்கிறது. இந்த நகரத்தின் பழைய குடும்பங்களுடைய கடிதங்களும் உருவப்படங்களும் அங்கே பாதுகாக்கப்படுகின்றன. ஸ்கொட்லாந்தில் பிறந்து, இங்கே நீதிபதியாக இருந்து, 1807இல் இறந்த ஆர்தர் டேவிட்சனின் கடிதங்களும் அவற்றுள் அடங்கும். நீதிபதிகளின் காகிதம் பெரும்பாலும் தப்பிவிடும். எழுதப் பழகிய கை, பூட்டி வைக்கப் பெட்டி, அதைக் காப்பாற்றப் பேரப்பிள்ளைகள் என்று மூன்றும் அவர்களுக்கு வாய்த்துவிடுகின்றன.

இலங்கைத் தமிழர்களான எங்களுக்கும் அப்படி ஒரு ஸ்கொட்லாந்து நீதிபதி உண்டு. பெயர் சேர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன். 1775இல் டம்ஃப்ரீஸ் பகுதியில் உள்ள கார்ன்சலோக்கில் பிறந்தவர். 1811 முதல் 1819 வரை இலங்கையின் பிரதம நீதியரசர். எங்கள் முன்னோர்களைப் பற்றி அவர் எழுதியவை இன்றும் வாசிக்கக் கிடைக்கின்றன. எங்கள் முன்னோர்கள் அவரைப் பற்றி என்ன எழுதினார்கள் என்று தேடினால், கையில் அகப்படுவது மிகக் கொஞ்சம்.

அவருக்குத் தமிழ் புதிது அல்ல. ஆறு வயதில் தகப்பனாருடன் மதுரைக்கு வந்தார். தகப்பனார் சாமுவேல் ஜோன்ஸ்டன் அங்கே கும்பினி உத்தியோகத்தர். பையனுக்குப் பாடம் சொல்லித் தந்தவர்களில் ஒருவர் தஞ்சாவூர் சுவார்ட்ஸ் பாதிரியார். இன்னொருவர் பின்னாளில் சென்னை கவர்னரான தோமஸ் மன்றோ. தமிழ், தெலுங்கு, இந்துஸ்தானி மூன்றையும் அவர் சிறுவயதிலேயே கற்றார். அதே மதுரை வீட்டுக்கு வந்துபோனவர்தான் ஓலைச்சுவடிகளும் கல்வெட்டுப் படிகளும் சேகரித்த கொலின் மெக்கன்சி. அவரும் ஸ்கொட்லாந்துக்காரர். 1816இல் தோமஸ் ஹிக்கி வரைந்த மெக்கன்சியின் ஓவியத்தில் அவர் சிவப்புச் சட்டையுடன் நடுவே நிற்கிறார். அவருக்காக வேலை செய்த இந்தியர் மூவர் அவரைச் சுற்றி நிற்கிறார்கள். ஒருவர் கையில் தொலைநோக்கி.

ஜோன்ஸ்டனுக்கும் உருவங்களில் நம்பிக்கை இருந்தது. அவருடைய மனைவியின் உறவினரான சிற்பி ஆன் டேமர் செய்த நெல்சன் மார்பளவுச் சிலை ஒன்று, இவருடைய யோசனையின் பேரில்தான் தஞ்சாவூர் மன்னர் சரபோஜிக்கு அனுப்பப்பட்டது. 1823இல் லண்டனில் ராயல் ஏசியாட்டிக் சொசைட்டியைத் தொடங்கியவர்களில் இவரும் ஒருவர்.

இவ்வளவையும் சொல்வது, அவர் எழுதிய ஒரு கடிதத்துக்கு வருவதற்காக. 1825இல், இந்திய விவகாரங்களைக் கவனித்துவந்த கட்டுப்பாட்டுச் சபையின் தலைவர் சார்ள்ஸ் வின்னுக்கு எழுதியது. இலங்கையில் தான் செய்த இரண்டு காரியங்களை அதில் விளக்குகிறார்.

முதலாவது, ஜூரி முறை. 1811 முதல், குற்றம் சாட்டப்பட்ட சுதேசி ஒருவரை அவருடைய நாட்டவர் 13 பேர் விசாரித்து, பெரும்பான்மை வாக்கால் தீர்ப்புச் சொல்லலாம் என்று ஆனது. இந்தியாவில் அன்றைக்கு இப்படி ஒன்று கிடையாது. 1826இல் அங்கே ஜூரிச் சட்டம் வந்தபோது இலங்கை அனுபவம் முன்மாதிரியாகக் காட்டப்பட்டது. ஆனால் இந்த முறை சாதியைத் தொடவில்லை. ஜூரிமாரைச் சாதி பார்த்தே தெரிந்தெடுத்தார்கள்.

இரண்டாவது, அடிமைகள். அடிமை முறையை ஒழிக்கும்படி 1806 முதல் உடைமையாளர்களிடம் தான் வற்புறுத்தி வந்ததாகவும், ஜூரி உரிமை கிடைத்த பிறகு அவர்களின் மனம் மாறியதாகவும் ஜோன்ஸ்டன் சொல்கிறார். தீர்ப்புச் சொல்லும் தகுதி பெற்ற மனிதன் இன்னொரு மனிதனை உடைமையாக வைத்திருப்பது பொருந்தாது என்பது அவருடைய வாதம். 1816 ஆகஸ்ட் 12க்குப் பிறகு தங்கள் அடிமைகளுக்குப் பிறக்கும் பிள்ளைகள் சுதந்திரர் என்று ஜூரிமார் தீர்மானித்தார்கள். அந்தத் தேதி பிரித்தானிய இளவரசரின் பிறந்தநாள்.

இந்தக் கடிதத்தை நான் வாசித்துக்கொண்டிருந்த நாட்களில்தான் என் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கியூபெக்கின் அடிமை வரலாறு பாடமாக வந்தது. பதின்மூன்று வயது. “அப்பா, எங்கட ஊரிலயும் இருந்ததா?” என்று கேட்டாள். இருந்தது என்றேன். “நாங்கள் எந்தப் பக்கம்?” என்பது அடுத்த கேள்வி. எங்கள் குடும்பத்தைப் பொறுத்தவரை அதற்கு ஒரு பதில்தான் இருக்கிறது. வைத்திருந்த பக்கம்.

யாழ்ப்பாணத்து அடிமை முறை வெள்ளைக்காரன் கொண்டுவந்தது அல்ல என்பதற்கு எங்கள் தேசவழமையே சாட்சி. 1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் அதைத் தொகுத்தார். தமிழில் பெயர்த்து, யாழ்ப்பாணத்து முதலியார்மார் 12 பேரிடம் காட்டினார்கள். அவர்கள் சரி என்று ஒப்புக்கொண்டார்கள். ஆங்கிலேயர் 1806இல் அதற்குச் சட்ட வலு கொடுத்தார்கள். காணியில் முன்வாங்கும் உரிமை, சீதனம் என்று நாங்கள் இன்றும் மேற்கோள் காட்டும் விதிகளோடு, ஆண் பெண் அடிமைகளைப் பற்றிய பகுதியும் அதில் இருக்கிறது. கோவியர், சாண்டார், பள்ளர், நளவர் என்று நான்கு சாதிகளை அது பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. வழக்கம் என்ன என்று சொன்னவர்கள் 12 பேர். அந்த நான்கு சாதிகளில் ஒருவரிடமாவது போய் ‘உங்கள் வழக்கம் என்ன’ என்று கேட்ட பதிவு இல்லை.

இந்தப் பின்னணியோடு 1816க்குத் திரும்பினால் கடிதம் வேறு மாதிரித் தெரிகிறது. ஜோன்ஸ்டனை மட்டும் வாசிப்பவருக்கு, அன்றோடு காரியம் முடிந்துவிட்டது என்று தோன்றும். முடியவில்லை. அது எல்லோரையும் கட்டுப்படுத்தும் சட்டம் அல்ல. இசைந்தவர்கள் கொடுத்த வாக்கு. ஏற்கெனவே பிறந்தவர்களுக்கு அதில் ஒன்றும் இல்லை. 1818இல், அடிமைகளைப் பதிவு செய்யும்படி யாழ்ப்பாணத்து உடைமையாளர்களுக்கு உத்தரவு போட வேண்டியிருந்தது. 1821இல், கோவிய, நளவ, பள்ள அடிமைகளுக்குப் பிறக்கும் பெண் குழந்தைகளை அரசாங்கமே காசு கொடுத்து மீட்கும் ஒழுங்குவிதி வந்தது. எல்லோரும் மனமுவந்து விட்டுக்கொடுத்திருந்தால், ஐந்து வருடத்துக்குப் பிறகு குழந்தைகளை விலைக்கு வாங்கவேண்டிய தேவை என்ன?

எங்கள் நகரத்தின் கதையைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1798 பெப்ரவரியில் மொன்றியலில் ஷார்லொட் என்ற அடிமைப் பெண் எசமானியிடம் திரும்பிப்போக மறுத்தாள். கைதுசெய்து கொண்டுவந்தபோது, பிரதம நீதிபதி ஜேம்ஸ் மங்க் அவளை விடுவித்தார். அடுத்த மாதம் ஜூட் என்ற இன்னொரு பெண்ணையும் விடுவித்தார். தப்பிய அடிமைகளைத் திருத்தச் சாலையில் அடைக்கலாம் என்றுதான் சட்டம் சொல்கிறது, மொன்றியலில் திருத்தச் சாலை இல்லை, சாதாரணச் சிறையில் அடைக்க முடியாது என்பது அவருடைய காரணம். சட்டத்தில் இருந்த ஓட்டைதான் வழி திறந்தது. ஆனாலும் அந்தக் கதை ஷார்லொட்டின் பெயரோடு நிற்கிறது. ஓடியவள் அவள், நீதிபதி பிறகு வந்தார்.

இந்த ஒப்பீட்டில் இன்னொரு கணக்கும் உண்டு. அடிமை முறையை ஒழித்த பிரித்தானியச் சட்டம் 1833இல் நிறைவேறி, 1834 ஆகஸ்ட் 1 முதல் கனடாவில் நடைமுறைக்கு வந்தது. அதே சட்டத்தில் ஒரு விலக்கு: கும்பினி ஆண்ட பகுதிகளுக்கும் இலங்கைக்கும் இது செல்லாது. இலங்கையில் 1844ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மொன்றியலில் சட்டப்படி அடிமை என்று எவரும் இல்லாத பத்து ஆண்டுகள், யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். அவர்கள் விடுதலை பெற்ற பிறகும் கோயில் வாசலும் கிணறும் அவர்களுக்குத் திறக்கவில்லை என்பதை நாங்கள் அறிவோம். எங்கள் தாய்மாரும் தகப்பன்மாரும் கண்ணால் பார்த்தது அது.

நான் தரவுத்தளம் வடிவமைத்துச் சம்பாதிக்கிறவன். தேடினால் என்ன கிடைக்கும் என்பதைத் தேடுபவன் தீர்மானிப்பதில்லை, பட்டியல் போட்டவன் தீர்மானிக்கிறான். ஜோன்ஸ்டன் என்று தேடினால் கடிதம், ஓவியம், பரம்பரை எல்லாம் வந்து விழும். 1817இல் வடமராட்சியிலோ தீவுப்பகுதியிலோ பிறந்த ஒரு நளவப் பெண் பிள்ளையைத் தேடப் பெயரே இல்லை. அவளைத் தேட வேண்டுமானால் உடைமையாளன் பெயரில், வழக்கேட்டில், பதிவேட்டில் தேட வேண்டும். லைடன் பல்கலைக்கழகத்தின் நிரா விக்கிரமசிங்க 2020இல் வெளிவந்த நூலில் இலங்கை அடிமைகளைப் பற்றி இந்த வழியில்தான் எழுதினார். மகஜர்களிலும் வழக்குகளிலும் அந்த மனிதர்கள் பேசியிருக்கிறார்கள். யாரும் போய்க் கேட்காமல் இருந்ததுதான் குறை.

ஜோன்ஸ்டனைக் குறைத்து மதிப்பிடுவது என் நோக்கம் அல்ல. தன் காலத்து ஆட்சியாளர்கள் பலர் பேசாமல் இருந்த விஷயத்தை அவர் பேசினார். ஆனால் நன்றியை அவருக்கும், பெருந்தன்மையை உடைமையாளர்களுக்கும் கொடுத்துவிட்டால், அந்தக் கணக்கில் விடுதலை பெற்றவர்களுக்கு மிஞ்சுவது என்ன?

ஒரு காரியம் எங்களால் செய்ய முடியும். ஓடி வந்தபோது பல குடும்பங்கள் நகையோடு உறுதிகளையும் கொண்டுவந்தன. ரொறன்ரோவிலும் மொன்றியலிலும் லண்டனிலும் அலுமாரிகளுக்குள் பழைய காணி உறுதிகளும் சீதன உறுதிகளும் மடித்துக் கிடக்கின்றன. தேசவழமைக் காலத்துச் சீதனத்தில் வயலோடும் தோட்டத்தோடும் அடிமைகளும் சேர்ந்து போனார்கள். 1844க்கு முந்திய உறுதி ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால், காணியின் எல்லையை வாசித்ததோடு மடித்து வைத்துவிடாதீர்கள். கீழே இருக்கும் வரிகளையும் வாசியுங்கள். அங்கே ஒரு பெயர் இருந்தால் பிரதி எடுத்து, பிள்ளைகளுக்குக் காட்டி, ஒரு ஆவணக் காப்பகத்துக்குக் கொடுங்கள். நீதிபதியின் கடிதத்தில் இல்லாத பெயர் அங்கே இருக்கக்கூடும்.