மருந்தைச் சுமந்த எண்ணெய்

திருப்போரூருக்கு மேற்கே, செங்கற்பட்டு நகரையடுத்துத் திருமணி என்றொரு சிற்றூர் உண்டு. 1924ஆம் ஆண்டில் லேடி வில்லிங்டன் பெயரால் அங்கே தொழுநோயாளருக்கென எழுந்த ஆரோக்கிய நிலையமே, 1955இல் இந்திய அரசின் கைக்கு வந்து, மத்திய தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிலையமாயிற்று. அங்கு கையாளப்பட்ட நோயின் சிகிச்சை வரலாற்றை நினைக்கையில், ஒரு மருந்தின் குணத்தைப் போலவே, அதை எதில் ஏற்றி உடலுக்குள் அனுப்புகிறோம், அது எத்தனை நாளில் கரைந்து இரத்தத்தில் சேர்கிறது என்பதும் வைத்தியத்தில் சரிபாதி என்று நான் கருதுகிறேன். ஒரே சூரணத்தைத் தேனிலும் நெய்யிலும் வெந்நீரிலும் நோய்க்குத் தக்கபடி குழைத்துக் கொடுத்த நம் சித்த வைத்தியர்கள், அனுபானம் என்னும் பெயரால் இதைப் பேணியே வந்தார்கள்.

தொழுநோய்க்கு நெடுங்காலம் கண்கண்ட ஔஷதமாக இருந்தது, மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் விளையும் நீரடிமுத்தின் எண்ணெய். வாய்வழி உட்கொண்டாலோ குமட்டிப் புரட்டும். ஊசியால் ஏற்றினாலோ கெட்டியான திரவமாகையால் தோலுக்கடியில் கட்டியாக நின்று வலிக்கும். இந்த இடரைக் குறைக்க, ஹவாய்த் தீவில் ஆலிஸ் பால் என்ற இளம் ரசாயன அறிஞர் அவ்வெண்ணெயின் அமிலங்களை எளிதில் உட்கவரப்படும் எஸ்டர்களாக மாற்றிக் காட்டினார். 1916இல், இருபத்துநான்கு வயதில் அவர் மறைந்தபின் அந்தப் பெருமை பிறர் பெயரில் வழங்கியது ஆறாத அநியாயம். நம் நாட்டு மருத்துவமனைகளில் எண்ணெயோடு நூற்றுக்கு நான்கு பங்கு கிரியோசோட் சேர்த்து, உணர்ச்சியற்ற தேமலுக்குள்ளேயே ஊசிமுனையால் அடுத்தடுத்துப் பல இடங்களில் குத்திச் செலுத்தும் முறையும் நிலவியது.

1908இல் ஜெர்மனியில் உருவாக்கப்பெற்ற டாப்ஸோன், தொழுநோய்க் கிருமியை அடக்க வல்லது என்று பின்னாளில் தெளிவாயினும், தொடக்கத்தில் மிகுந்த அளவில் கொடுக்கப்பட்டதால் நச்சுப்பொருள் என்ற அபவாதத்தையே சுமந்து கிடந்தது. அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில் 1941 முதல் கையாண்ட ப்ரோமின் என்னும் அதன் வழிப்பொருளை இரத்த நாளத்தில் ஏற்றவேண்டியிருந்தது. ஏழைத் தேசத்துக்கு அது எட்டாத சிகிச்சை. இந்நிலையில்தான் தொழுநோய் மருத்துவர் டாக்டர் ராபர்ட் காக்ரேன் 1946இல் மலிவான டாப்ஸோன் பொடியையே எண்ணெயில் கலந்து, தோலுக்கடியில் ஊசியாகச் செலுத்தும் முறையைத் தமிழகத்தில் தொடங்கினார். நேற்றுவரை தானே மருந்தாக இருந்த எண்ணெய், இன்று வேறொரு மருந்தின் வாகனமாயிற்று. எண்ணெயில் அடங்கிய துகள்கள் சிறிது சிறிதாகவே வெளிப்படுகையால், தினந்தோறும் மருந்து கேட்கும் அவசியம் நீங்கியது. பிற்பாடு, சிற்றளவில் விழுங்கினாலே டாப்ஸோன் போதிய பலன் தருமென்று நைஜீரியாவில் ஜான் லோ நிறுவினார், மாத்திரை வென்றது.

ஆனால் ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் மாத்திரை விழுங்குவது எத்தனை பேருக்குச் சாத்தியம்? 1964இல் மலேயாவில் டாப்ஸோனுக்கு அடங்காத கிருமிகள் நிரூபணமாயின. நீண்டகாலம் நின்று செயற்படும் ஊசியின்பால் கவனம் மீண்டது. ஆமணக்கெண்ணெய் கலந்த ஊர்தியில் ஏற்றிய, டாப்ஸோனின் வழிப்பொருளான அசிடாப்ஸோன், 225 மில்லிகிராம் அளவில் ஏறத்தாழ பதினொரு வாரத்துக்கு ஒருமுறை போதுமானதாக இருந்தது. நோயாளியின் இல்லத்தாருக்கு நோய் பரவாமல் தடுக்க அதைப் பயன்படுத்திப் பார்த்த ஆய்வை நீலன், நூர்தீன், தேசிகன் முதலானோர் 1983இல் வெளியிட்டனர்.

இதே காலத்தில் அமெரிக்காவில் ஜூடா ஃபோக்மன் 1964இல் சிலிக்கோன் ரப்பரின் வழியே மருந்து கசியும் விந்தையைக் கண்டறிந்தார்; 1976இல் அவரும் ராபர்ட் லாங்கரும், புரதம் போன்ற பெரிய மூலக்கூறுகளையும் பாலிமருக்குள் பொதிந்து மெல்ல வெளியிடலாம் என்று காட்டினர். எண்ணெயால் இயலாத காரியம் இது. தையல் நூலாகப் பயன்பட்டுவந்த லாக்டிக், கிளைக்காலிக் அமிலங்களின் பாலிமரை நுண்கோளமாக்கி அதனுள் மருந்தை வைத்தால், உடலின் நீர் அதன் சங்கிலிகளைத் துண்டிக்கத் துண்டிக்க மருந்து வெளிவரும். எஞ்சும் அமிலங்களை உடலே கரைத்துக்கொள்ளும். இரண்டு அமிலங்களின் விகிதத்தை மாற்றினால் கரையும் காலமும் மாறும். அவ்வாறு மாதமொருமுறை செலுத்தும் லூப்ரோலைடு ஊசி, புராஸ்டேட் சுரப்பிப் புற்றுநோய்க்கென 1989இல் அங்கே அனுமதி பெற்றது.

தொழுநோய்ச் சிகிச்சையோ அந்தக் கோளங்களுக்குக் காத்திருக்கவில்லை. 1981இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு வகுத்த கூட்டு மருந்து முறைப்படி, ரிஃபாம்பிசினை மாதம் ஒருமுறை ஊழியர் கண்ணெதிரே விழுங்கிவிட்டு, ஏனைய மாத்திரைகளை வீட்டுக்கு எடுத்துச்செல்லும் வழக்கம் நம் நாடெங்கும் நிலைபெற்றது.