ஆலையா, ஒலிக்கூடமா? எக்ஸ்ட்ரீம் மெட்டல் உட்பிரிவுகளின் பிறப்பு: உத்தனப்பள்ளி வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

ஓசூரிலிருந்து இராயக்கோட்டை போகும் சாலையில் இருக்கிறது உத்தனப்பள்ளி. கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரி வட்டத்தைச் சேர்ந்த இந்த ஊரைச் சுற்றித் தக்காளியும் ரோஜாவும் விளைகின்றன. ஆலைகளும் வந்துகொண்டே இருக்கின்றன. 1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தது. 1980இல் அசோக் லேலண்டும் டிவிஎஸ் மொபெட்டும் வந்தன. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் டைட்டன் கைக்கடிகாரம் வந்தது. இன்று உத்தனப்பள்ளிப் பக்கத்திலேயே டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆலை நடக்கிறது. புதிய சிப்காட்டுக்கு நிலம் எடுப்பதை எதிர்த்து 2023இல் உழவர்கள் இங்கே காத்திருப்புப் போராட்டம் நடத்தினார்கள்.

மெட்டல் இசையின் வரலாற்றை எழுதியவர்கள் பலரும் அதை ஆலை நகரத்தின் பிள்ளையாகவே காட்டுவார்கள். இங்கிலாந்தின் பர்மிங்காமில் இரும்பு அடிக்கும் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள்தாம் இதை உருவாக்கினார்கள் என்பது அவர்கள் வாதம். அப்படியானால் நாற்பது ஆண்டுகளாகப் பிரஸ் இயந்திரம் ஓயாத ஓசூர் வட்டாரத்தின் பெயரால் ஏன் ஒரு மெட்டல் பாணியும் வழங்கவில்லை? அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டினால் வரும் பெங்களூரில் மட்டும் அது ஏன் வேர் பிடித்தது? எக்ஸ்ட்ரீம் மெட்டலின் உட்பிரிவுகளை வரையறுத்து, ஒவ்வொன்றும் எங்கே, எதனால் உருப்பெற்றது என்று பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும். ஒவ்வொரு பிரிவுக்கும் கேட்கத் தக்க ஆல்பங்களும் ஆங்காங்கே சுட்டப்படுகின்றன.

2. வரையறை: காதால் அளப்பவை

எக்ஸ்ட்ரீம் மெட்டல் என்ற தொகுப்புப் பெயரை ஆய்வுலகில் நிலைநிறுத்தியவர்களில் முக்கியமானவர் கீத் கான்ஹாரிஸ். 2007இல் வந்த அவரது நூல் திராஷ், டெத், பிளாக், டூம், கிரைண்ட்கோர் ஆகியவற்றை ஒரே குடும்பமாக வைத்துப் பார்க்கிறது. இவற்றைப் பாட்டின் பொருளால் பிரிக்க முயல்வோர் குழம்புவார்கள். சாவும் போரும் சாத்தானும் எல்லாவற்றிலும் வரும். டிரம்ஸ், கிட்டார், குரல், ஒலிப்பதிவு என்ற நான்கையும் கவனித்தால் எல்லைகள் தெளிவாகும்.

திராஷில் உள்ளங்கையால் கம்பியை அமுக்கி வெட்டி வெட்டி வாசிக்கும் வேகமான ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு, முதன்மை. குரல் கத்தும், ஆனால் சொல் புரியும். ஸ்லேயரின் ‘ரெய்ன் இன் பிளட்’ (1986) அரை மணி நேரம்கூட ஓடாது. திராஷ் எந்த எல்லைவரை போகும் என்பதை அது காட்டிவிடும்.

டெத் மெட்டலில் கிட்டாரின் சுருதி கீழிறங்கும். குரல் உறுமலாக மாறி இன்னொரு தாளக் கருவிபோல் நடந்துகொள்ளும். இரு கால்களாலும் மிதிக்கும் டபுள் பாஸ் இடைவிடாமல் ஓட, தாளம் திடீர் திடீரென்று திரும்பும்.

பிளாக் மெட்டலில் குரல் மேலேறிக் கீச்சிடும். ஒரே கம்பியை நிறுத்தாமல் விரைந்து மீட்டுவதால் கிட்டார் ஒரு திரைபோல விரியும். ஒலிப்பதிவு பெரும்பாலும் வேண்டுமென்றே மெலிந்து, கரகரத்து இருக்கும்.

டூம் இதற்கு நேர் எதிர். நடை அவ்வளவு மெதுவானது. ஸ்வீடனின் கேண்டில்மாஸ் 1986இல் வெளியிட்ட முதல் ஆல்பம் இதன் இலக்கணம். கிரைண்ட்கோர் பங்க் இசையிலிருந்து கிளைத்தது. பிளாஸ்ட் பீட் என்ற அதிவேக அடி அதன் உயிர். பல பாட்டுகள் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

3. ஆலை தந்தது என்ன?

ஆலைக் கோட்பாட்டுக்குப் பெரிய சான்று பிளாக் சாபத்தின் டோனி அயோமி. பதினேழு வயதில் பர்மிங்காமில் தகடு வெட்டும் ஆலையில் வேலை பார்த்தபோது அவரது வலக்கையின் நடுவிரல் நுனியும் மோதிரவிரல் நுனியும் போயின. இடக்கைப் பழக்கமுள்ள அவருக்குக் கம்பியை அழுத்துவது அந்த வலக்கைதான். விரல் நுனிக்கு உறை செய்து மாட்டி, மெல்லிய கம்பிகளுக்கு மாறினார். 1971 வாக்கில் சுருதியையும் தளர்த்தி இறக்கினார். பின்னாளில் டூமும் டெத் மெட்டலும் எடுத்துக்கொண்ட கனத்த ஒலிக்கு அங்கே ஒரு வழி திறந்தது. ஆனால் அந்த விபத்து நடந்தது அவர் வேலையை விட்டுவிட்டு முழுநேர இசைக்குப் போகவிருந்த கடைசி நாளில். ஆலை அவருக்குக் காயத்தைத் தந்தது உண்மை. ஆலையை விட்டுப் போக முடிந்ததால்தான் அந்தக் காயம் இசையானது.

அடுத்த தலைமுறையிலும் பர்மிங்காம் பக்கம்தான் நேபாம் டெத் தோன்றியது. அவர்களது ‘ஸ்கம்’ (1987) கிரைண்ட்கோரின் அடிப்படை ஆவணம். அதன் இரு பக்கங்களும் வேறு வேறு காலத்தில், வேறு வேறு கலைஞர்களோடு பதிவானவை. இரண்டிலும் பொதுவாக இருந்தவர் டிரம்மர் மிக் ஹாரிஸ் ஒருவரே. அதிலுள்ள ஒரு பாட்டு 1.316 நொடிதான், உலகின் மிகச் சிறிய பாட்டு என்று கின்னஸ் பதிந்திருக்கிறது. இதுவும் ஆலையில் விளைந்ததன்று. மெர்மெய்ட் என்ற மதுக்கடையின் மாடியில் வாரந்தோறும் நடந்த பங்க் நிகழ்ச்சிகளும், நாட்டிங்காமிலிருந்து இயங்கிய இயரேக் என்ற சிறு வெளியீட்டு நிறுவனமும் சேர்ந்து வளர்த்தது.

4. கேசட்டும் ஒலிக்கூடமும்

பெயர்கள் முதலில் வந்தன, ஒலி பிறகு நிலைபெற்றது. வெனம் 1982இல் ஓர் ஆல்பத்துக்கு ‘பிளாக் மெட்டல்’ என்று பெயர் வைத்தது. இன்று அப்பெயரால் நாம் அறியும் ஒலி அதில் இல்லை. பொசஸ்டு 1985இல் வெளியிட்ட ‘செவன் சர்ச்சஸ்’ ஆல்பத்தின் கடைசிப் பாட்டின் பெயர் ‘டெத் மெட்டல்’. இந்தப் பெயர்களும் கரடுமுரடான டெமோ பதிவுகளும் அஞ்சல் வழியாகக் கைமாறின. கேசட்டைப் பிரதியெடுத்து அனுப்பினால் பதிலுக்கு ஒரு கேசட் வரும். சுவிட்சர்லாந்தின் செல்டிக் ஃபிராஸ்டையும் பிரேசிலின் செபுல்டுராவையும் ஒரே உலகத்துக்குள் கொண்டுவந்தது இந்தத் தபால்தான்.

அந்தக் கலவை தனித்தனி உட்பிரிவாகப் பிரிந்த இடங்களை வரிசையிட்டால் ஒரு பொதுக்கூறு புலப்படும். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உள்ள டாம்பா கொல்லுப்பட்டறை நகரம் அன்று. அங்கே மாரிசவுண்ட் என்ற ஒலிக்கூடமும், விரைந்த டபுள் பாஸ் குழம்பாமல் கேட்கும்படி பதியத் தெரிந்த ஸ்காட் பர்ன்ஸ் என்ற பொறியாளரும் இருந்தார்கள். டெத் குழுவின் ‘லெப்ரசி’ (1988), மார்பிட் ஏஞ்சலின் ‘ஆல்டர்ஸ் ஆஃப் மேட்னஸ்’ (1989) ஆகியவை அங்கே பதிவாயின. பஃபலோ நகரத்துக் கேனிபல் கார்ப்ஸ்கூட அங்கே வந்து பதிந்தது.

ஸ்டாக்ஹோமின் சன்லைட் ஒலிக்கூடத்தில் டோமாஸ் ஸ்கோக்ஸ்பெரி என்டூம்டின் ‘லெஃப்ட் ஹேண்ட் பாத்’ (1990) ஆல்பத்தைப் பதிந்தார். பாஸ் நிறுவனத்தின் எச்எம்-2 என்ற டிஸ்டார்ஷன் பெடலின் குமிழ்கள் எல்லாவற்றையும் கடைசிவரை திருப்பி வைத்ததில் வந்த ரம்பச் சத்தமே ஸ்வீடன் டெத் மெட்டலின் அடையாளமானது. ஒரு நாட்டின் பாணியை ஒரு ஜப்பானியப் பெடல் தீர்மானித்தது.

நார்வேயில் பெர்கன் நகரின் கிரீக்ஹாலன் என்ற செவ்வியல் இசையரங்கில் பிட்டன் என்று அறியப்பட்ட பொறியாளர் மேஹெம், எம்பரர் முதலிய குழுக்களைப் பதிந்தார். எம்பரரின் ‘இன் தி நைட்சைடு எக்லிப்ஸ்’ (1994) அரங்கின் விரிவை உள்வாங்கிய பதிவு. அதே ஆண்டில் டார்க்த்ரோன் வெளியிட்ட ‘டிரான்சில்வேனியன் ஹங்கர்’ வீட்டிலேயே நான்கு தடக் கருவியில் பதிவானது. பிளாக் மெட்டலின் இரு துருவங்களாக இவ்விரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கலாம். 1992 முதல் நடந்த தேவாலய எரிப்புகளும் 1993இல் மேஹெம் கிட்டார் கலைஞர் கொலையுண்டதும் செய்தித்தாள்களை நிறைத்தன. குற்றங்கள் பெயரைப் பரப்பின. ஒலியை வகுத்தவை இந்தப் பதிவுகள்.

கோத்தன்பர்க் நகரின் ஸ்டுடியோ ஃபிரெட்மனில் அட் தி கேட்ஸின் ‘ஸ்லாட்டர் ஆஃப் தி சோல்’ (1995) பதிவாகி மெலடிக் டெத் மெட்டலுக்கு முன்மாதிரியானது. இங்கிலாந்தின் யார்க்ஷயரில் அகாடமி ஸ்டுடியோவில் பதிந்த பாரடைஸ் லாஸ்டின் ‘காத்திக்’ (1991), மை டையிங் பிரைடின் ‘டர்ன் லூஸ் தி ஸ்வான்ஸ்’ (1993) ஆகியவற்றால் டெத்-டூம் கலப்பு நிலைத்தது.

5. எல்லைக்கு அப்பால்: பெங்களூர்

எச்ஏஎல், ஐடிஐ, எச்எம்டி என்று பெங்களூரும் ஆலை நகரமாக இருந்ததுதான். ஆனால் அங்கே மெட்டல் வளர்ந்த களங்கள் வேறு: கன்டோன்மென்ட் பகுதியின் ஆங்கில இசைப் பழக்கம், கல்லூரி விழாக்களின் ராக் போட்டிகள், வெளிநாட்டு உறவினர்கள் கொண்டுவந்து பிரதிமேல் பிரதியெடுத்த கேசட்டுகள். 1993இல் அலகாபாத்திலிருந்து தொடங்கிய ராக் ஸ்ட்ரீட் ஜர்னல் இதழ் சிதறிக்கிடந்த குழுக்களை ஒன்றுக்கொன்று அறிமுகப்படுத்தியது.

டையிங் எம்பிரேஸ் 1990களின் தொடக்கத்திலேயே டெத்-டூம் வாசித்தது. 1998இல் தொடங்கிய கிரிப்டாஸ் நம் வரையறைக்கு நல்ல சோதனை: குரல் கரடானது, ஆனால் ரிஃப்கள் 1980களின் ஹெவி மெட்டல் வார்ப்பு, ஆகவே எக்ஸ்ட்ரீம் வட்டத்துக்கு வெளியே வைப்பதே பொருந்தும். அக்குழு 2013இல் ஜெர்மனியின் வாக்கன் விழாவில் வாசித்தது. 2007 மார்ச்சில் பேலஸ் கிரவுண்ட்ஸில் அயர்ன் மெய்டன் வந்ததோடு பெரிய கச்சேரிகளின் காலம் தொடங்கியது. 2010இல் லாம்ப் ஆஃப் காட், 2011இல் மெட்டாலிகா, 2012இல் ஸ்லேயர் என்று அது தொடர்ந்தது. உள்ளூரிலும் பதிவுகள் பெருகின. பெவர் சீயின் முதல் ஆல்பம் (2012) டூம் வழியில் வந்தது. ஜின் அண்ட் மிஸ்கடானிக்கின் ‘ஃபாரெவர் இன் தி ரெல்ம்’ (2013) அதே டூமை இன்னும் கனமாக்கியது. இன்னர் சாங்டமின் ‘லீஜியன்ஸ் அவேக்’ (2015) டெத்தும் திராஷும் கலந்தது.

6. தமிழர் தடம்: சிங்கப்பூர்

தமிழர் பெயர் இவ்வரலாற்றில் அழுத்தமாகப் பதிந்தது சிங்கப்பூரில். கதிரேசன் குரலும் பேஸும் ஏற்ற ருத்ரா 1992இல் உருவானது. முதல் ஆல்பம் 1998இல் வந்தது. ‘பிரம்மவித்யா’ என்ற பொதுத் தலைப்பில் 2005, 2009, 2011 ஆண்டுகளில் வந்த மூன்று ஆல்பங்களும் வேதாந்தத்தை எடுத்துப் பேசுகின்றன. இக்குழு தன் இசைக்கு வேதிக் மெட்டல் என்று பெயரிட்டுக்கொண்டது. யூஜீன் தைரியநாதன் 2009இல் எழுதிய கட்டுரை இதைச் சிங்கப்பூரின் தென்னிந்தியச் சமூக அடையாளத்தோடு சேர்த்து ஆராய்கிறது.

நம் நான்கு அளவைகளை வைத்துக் கேட்டால் ருத்ரா டெத் மெட்டலே. இடையே பிளாக், திராஷ் சாயல் உண்டு. சமஸ்கிருத மந்திரம் பொருளைப் புதிதாக்குகிறது, டிரம்ஸின் இலக்கணத்தை மாற்றவில்லை. திருமாலின் பத்து அவதாரங்களைப் பாட்டுக்கு ஒன்றாக வைத்து மும்பையின் டெமானிக் ரெசரெக்ஷன் வெளியிட்ட ‘தசாவதார்’ (2017) ஆல்பத்துக்கும் இது பொருந்தும்.

ஒலியை விட்டுப் பொருளால் பெயர் சூட்டிக்கொள்ளும் இந்த மாற்றத்துக்கும் ஒலிப்பதிவு வரலாற்றுக்கும் தொடர்புண்டு. 2000களுக்குப் பிறகு கணினி வைத்திருக்கும் எவரும் வீட்டில் பதியலாம் என்றானது. டாம்பா ஒலி, சன்லைட் ஒலி என்று இடத்தின் முத்திரை மங்கியது. ஒலியால் தனித்து நிற்பது கடினமானபோது குழுக்கள் பொருளால் தனிப்பெயர் தேடின.

7. கேட்கும் வரிசை

புதிதாகக் கேட்பவர் மிக வேகமானதிலிருந்து தொடங்கினால் இரைச்சல்தான் மிஞ்சும். ‘ஸ்லாட்டர் ஆஃப் தி சோல்’ ஆல்பத்தில் மெட்டு மேலேயே இருப்பதால் உறுமலுக்குக் காது பழகும். பிறகு டெத் குழுவின் ‘சிம்பாலிக்’ (1995), அதன்பின் ‘லெஃப்ட் ஹேண்ட் பாத்’, ‘ஆல்டர்ஸ் ஆஃப் மேட்னஸ்’. அங்கிருந்து ருத்ராவின் 2005 ஆல்பத்துக்கு வந்தால் எது மரபு, எது சேர்க்கை என்பது தானே பிரியும். எம்பரரை இரவில் ஹெட்போனில் கேட்பது நல்லது. அடுக்குகள் அப்போதுதான் விலகும். ‘ஸ்கம்’ கடைசியில் இருக்கட்டும்.

8. முடிவுரை

உட்பிரிவுகளைப் பெற்றெடுத்தவை ஒலிக்கூடம், பொறியாளர், பெடல், சிறு வெளியீட்டு நிறுவனம், தபாலில் சுற்றிய கேசட் ஆகியவை. ஆலை நகரம் மனநிலையையும் கேட்பவர்களையும் தரலாம். அதற்கு மேல் எதிர்பார்க்க வரலாறு இடம் தரவில்லை.

உத்தனப்பள்ளி வட்டாரத்துக்கு இதைப் பொருத்தினால் விடை எளிது. மாறி மாறி வரும் ஷிஃப்டில் நான்கு பேர் ஒரே நேரத்தில் ஓய்வாக இருப்பது அரிது; வெளியூரிலிருந்து வந்து வாடகை அறையைப் பகிர்ந்து தங்கும் தொழிலாளி டிரம் செட்டை எங்கே வைப்பார்? மகாபாரதக் கூத்தையும் பம்பையையும் இந்த மண் காத்து வைத்திருப்பதற்குக் காரணம் திருவிழா என்ற ஏற்பாடு. ஆள், இடம், நேரம், கூலி எல்லாவற்றையும் அது ஒதுக்கித் தருகிறது. மெட்டலுக்கும் அப்படி ஓர் ஏற்பாடு வேண்டும். ஒரு பயிற்சி அறை, வாடகைக்குக் கருவிகள், வாரம் ஒரு மாலை போதும். பர்மிங்காமின் மதுக்கடை மாடி தந்ததும் இப்படி ஓர் ஏற்பாட்டைத்தான்.