தாவொங்கா: ஒரு மொழிபெயர்ப்புச் சொல்லும் மாவோரி ஒலிபரப்பும்

நியூசிலாந்தில் 1840இல் கையெழுத்தான வைதாங்கி உடன்படிக்கையின் ஆங்கிலப் பாடம் மாவோரி மக்களுக்கு நிலம், காடு, மீன்பிடியிடம், பிற உடைமைகள் ஆகியவற்றை உறுதிசெய்தது. பாதிரியார் ஹென்றி வில்லியம்ஸ் தம் மகனுடன் ஆக்கிய மாவோரிப் பாடமோ நிலம், குடியிருப்பு, ‘தாவொங்கா’ அனைத்தும் என்றது. தாவொங்கா என்பது போற்றிக் காக்கப்படும் செல்வம். மொழியும் தாவொங்காவே என 1986இல் வைதாங்கித் தீர்ப்பாயம் முடிவுசெய்தது. மறு ஆண்டில் மாவோரி ஆட்சிமொழியாயிற்று. ஒலிபரப்புச் சொத்துகளை அரசு கைமாற்றியதை எதிர்த்த வழக்கு 1993இல் பிரிவி கவுன்சிலில் தோற்றது. எனினும், மொழியைக் காப்பது அரசின் கடமை என்பதை அம்மன்றம் ஏற்றது. அவ்வாண்டே மாவோரி ஒலிபரப்புக்கு நிதியளிக்கும் அமைப்பு சட்டத்தால் உருவாயிற்று. 2004இல் மாவோரித் தொலைக்காட்சி தொடங்கிற்று. இறையாண்மையை வெறும் ஆளுகை எனக் குறைத்துரைத்த அதே மொழிபெயர்ப்பு, மொழிக்கு அரணாகவும் அமைந்தது.